ஒல்லியின் எடைச் சீட்டு

எடைமேடை அக்காவிடம் லாரி ஓட்டுநர்களின் பருப்பு வேகாது. ஸ்டெப்னி டயரைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு வருகிறவர், முன்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்துகிறவர், கிளீனரைச் சரக்கோடு சரக்காகப் படுக்க வைத்து எடை ஏற்றுகிறவர் என்று பத்தொன்பது வருடங்களில் எல்லாரையும் பார்த்துவிட்டாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, "அண்ணே, தூங்குறவரை எழுப்பி இறங்கச் சொல்லுங்க" என்பாள். குரலை உயர்த்த மாட்டாள். மாட்டிக்கொண்டவருக்கு முகத்தில் ஈயாடாது. அவளைவிட மூத்த ஓட்டுநர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அது வயதுக்குக் கொடுத்த மரியாதை அல்ல.

எடைமேடை இருக்கிற லாரி வளாகத்தில் ஒரு நாள் ஒரு பெட்டை நாயை யாரோ கயிற்றோடு விட்டுவிட்டுப் போனார்கள். நாய்க் காப்பகத்து வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், நாலாவது தடவை போனபோது நானே வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். காப்பகத்து டாக்டரம்மா சட்டென்று தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. பகலில் நாய் எங்கே இருக்கும், நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா என்று குடைந்து எடுத்தார். வீட்டுக்கே வந்து கதவு, தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தார். அந்தக் குடைச்சல் அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தானும் அப்படித்தானே கேட்டிருப்பாள். ஒப்பந்தத் தாளை வரி விடாமல் படித்தாள். நாயைச் சரியாக வளர்க்கவில்லை என்றால் காப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று கடைசியில் இருந்தது. நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டாள்.

அப்போது நாய்க்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். அதனால் ஒல்லி என்று பெயர் வைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் வளர்த்ததில் குறையே கிடையாது, ஒன்றைத் தவிர. தடுப்பூசி ஒரு நாள் தள்ளிப்போனதில்லை. கருத்தடை அறுவை முடிந்து பத்து நாள் விடுப்புப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். காலையில் நடக்கக் கூட்டிப் போனால் கையில் ஒரு காகிதப் பை இருக்கும். ஒல்லி தெருவில் கழித்ததை அள்ளாமல் நகரமாட்டாள். வேலைக்கும் ஒல்லி கூடவே வரும். சாப்பாடு ஒரே ஒரு டம்ளரில் அளந்து இரண்டு வேளை. மாதம் பிறந்தால் மேடை காலியாக இருக்கிற நேரம் பார்த்து ஒல்லியை அதன் நடுவில் உட்காரவைத்து எடை எடுப்பாள். திரையில் இருபது கிலோ என்று வரும். சீட்டு அச்சடித்துச் சுவரில் ஒட்டுவாள். ஆறு மாதம், ஆறு சீட்டு, ஆறிலும் இருபது. ஒல்லி என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் ஓட்டுநர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெயர் வேடிக்கையாக இருக்கிறதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது மாதப் பரிசோதனைக்கு அந்த ஆறு சீட்டையும் எடுத்துக்கொண்டு பெருமையாகக் காப்பகத்துக்குப் போனாள். ஒல்லியால் டாக்டரம்மாவின் தராசில் ஏற முடியவில்லை. அரை அடி உயரம்கூட இல்லாத பலகை அது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். இருபத்தெட்டு கிலோ நானூறு கிராம்.

அக்கா சீட்டுகளை மேசையில் பரப்பினாள். "உங்க தராசைக் கொஞ்சம் சரி பாருங்க டாக்டர். எங்க மேடை அரசாங்க முத்திரை போட்டது."

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஆறு சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உங்க மேடை எத்தனை கிலோவுக்கு ஒரு தரம் மாறும்?"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது கிலோவுக்கு ஒரு தரம். நாற்பது டன் நிறுக்கிற மேடைக்கு இருபது கிலோ ஒரு பொருட்டே இல்லை. அதற்குக் குறைந்த எதையும் பக்கத்து இருபதோடு சேர்த்துவிடும். பதினேழு கிலோவோடு வந்த ஒல்லியும் இருபது, இருபத்தெட்டு கிலோ ஒல்லியும் இருபது. 'ஜாக்கியை இறக்கி வைத்தேனே, பத்து கிலோ ஏன் குறையவில்லை' என்று சண்டை பிடிக்கிற ஓட்டுநர்களுக்கு இதே பாடத்தை ஆயிரம் தடவை அவள்தான் எடுத்திருக்கிறாள்.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து ஒல்லியின் விலாவில் வைத்தார். லேசாகத் தடவினாலே எலும்பு தட்டுப்பட வேண்டுமாம். அக்காவின் விரல்கள் மெத்தென்று எதிலோ புதைந்தன. இடுப்பு மூட்டு இப்போதே தேய ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. நாலு மாதத்தில் இருபத்து மூன்றுக்கு வர வேண்டும். ஒரேயடியாகப் பட்டினி போடக்கூடாது, வாரத்துக்கு முந்நூறு, நானூறு கிராம் குறைந்தால் போதும்.

"குறையலேன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்க கையெழுத்துப் போட்ட தாள் எங்கிட்ட இருக்கு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் கணவர் தையல் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கழுத்துப்பட்டையை இதுவரை இரண்டு தரம் தளர்த்தித் தைத்ததாகச் சொன்னார். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அவள் பாய்ந்தாள். "ஆறு சீட்டை வச்சிருக்கிற ஆள்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அவர். அந்தப் பதில் அவளை நன்றாகவே சுட்டது. எடைமேடை அறைச் சுவரில் மீதமிருந்த பசைத் தடத்தை மறுநாள் சுரண்டி எடுத்தாள்.

டம்ளர் அளவு மாறவில்லை என்றால் இந்தச் சதை எங்கிருந்து வந்தது? வழியில் சரக்கு ஏறியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்த வித்தைதான். மறுநாள் மேடைக்கு வந்த ஒவ்வொரு ஓட்டுநரையும் விசாரித்தாள். ஒவ்வொருவரும் ஒரே பதில் சொன்னார்கள்: "ஒண்ணே ஒண்ணுதான் அக்கா குடுப்பேன்." ஒரு நாளைக்கு அறுபது லாரி. அவள் யாரையும் திட்டவில்லை. ஜன்னலில் ஒரு காலி டப்பாவை வைத்து, ஒல்லிக்குக் கொடுக்க நினைக்கிறதையெல்லாம் இதில் போடுங்கள் என்றாள். மாலைக்குள் பிஸ்கட், பன், பஜ்ஜித் துண்டு என்று டப்பா பொங்கி வழிந்தது. அடுத்த நாள் பூராவும் அந்த டப்பா அப்படியே ஜன்னலில் இருந்தது. பார்த்தவர்கள் பாக்கெட்டில் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. பிரியத்தைக் காட்டியே தீருவேன் என்று நின்றவர்களுக்கு ஒரு பந்தைக் கொடுத்து, எறிந்து விளையாடிவிட்டுப் போங்கள் என்றாள்.

எடை எடுக்க ஒரு வழி வேண்டுமே. வீட்டுக்கு ஒரு சிறு எடைக் கருவி வாங்கினாள். ஒல்லியை மட்டும் அதில் நிறுத்தினால் நிற்காது. ஆகவே தொழில்முறைப்படி செய்தாள். ஒல்லியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மொத்த எடை. ஒல்லியை இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறினால் காலி எடை. கழித்தால் சரக்கு. வாராவாரம் சீட்டு எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள், மூன்று வரியும் பளிச்சென்று தெரிகிற மாதிரி. அவளுடைய காலி எடை எழுபத்தொன்பது கிலோ. அதை ஊரே படிக்கும், உங்கள் வரியை மட்டும் விட்டுவிடலாமே என்று ஒரு பெரியவர் ஜாடையாகச் சொன்னார். காலி எடை இல்லாத சீட்டு சீட்டே இல்லை என்றாள் அவள். எனக்கு இந்தப் பெண்மணியின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

நடையை மெல்ல மெல்ல இரட்டிப்பாக்கினாள். தொடக்கத்தில் தெருமுனை வரை போவதற்குள் ஒல்லி மூன்று முறை உட்கார்ந்தது. கெஞ்சுகிற அந்தக் கண்ணைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இருபத்தைந்துக்கு வந்தபின் மூன்று வாரம் எடை ஒரே இடத்தில் நின்றது. அந்த மூன்று வாரமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒல்லி இல்லாத அறையில் உட்கார்ந்து சீட்டு அடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டம்ளரில் ஒரு விரற்கடை குறைத்தாள். நகர்ந்தது.

கடைசி நாள் நெருங்கியபோது கருவி இருபத்து மூன்றரையைச் சுற்றிச் சுற்றியே வந்தது. ஓட்டுநர்களுக்குத் தெரியாத வித்தையா? முந்தின நாள் சாப்பாடு போடாதே, காலையில் தண்ணீர் காட்டாதே, அரை கிலோ அதுவாக இறங்கிவிடும் என்று ஆளாளுக்கு ஓதினார்கள். கணவரும் தயங்கித் தயங்கி அதையே சொன்னார். கடைசி நாள் காலை அக்கா டம்ளரை எடுத்தாள், வழக்கமான அளவைப் போட்டாள், கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாள். ஒல்லி ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது.

டாக்டரம்மாவின் தராசு இருபத்து மூன்று கிலோ அறுநூறு கிராம் காட்டியது.

காலையில் ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாம் கொடுத்தேன் என்றாள் அக்கா. டாக்டரம்மா ஒப்பந்தத் தாளை இழுத்து, பரிசோதனைப் பக்கத்தின் எடைக் கட்டத்தில் இருபத்து மூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியிருந்தால் கதை முடிந்தது.

அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். தாளைத் திருப்பி நீட்டினாள்.

"அறுநூறு கிராம் விட்டுப்போச்சு டாக்டர். அதையும் எழுதுங்க. இப்படி விட்டு விட்டுத்தான் நான் இவள இருபத்தெட்டுக்குக் கொண்டு போனேன்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். இருபத்து மூன்றுக்குப் பக்கத்தில் அறுநூறைச் சேர்த்தார். பிறகு தாளைப் புரட்டி, நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற கடைசி வரியின் மேல் ஒரு கோடு போட்டார்.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ஒல்லி தராசிலிருந்து எப்போது இறங்கியதோ தெரியவில்லை. யாரும் தூக்காமலே மறுபடி அதில் ஏறி நின்று அவளைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.