முப்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பிழை பார்த்து, படம் வைத்து, அச்சுக்கு பைல் தயார் செய்து அனுப்புவதுதான் என் வேலை. பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். கீழே வரும் நேரங்கள் நான் குத்துமதிப்பாகச் சொல்வதல்ல. கணினி ஒவ்வொரு பைலுக்கும் நிமிடம் குறித்து வைக்கும். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் பாரூக் அண்ணாச்சியின் அச்சகம் இருக்கிறது. கீழே மெஷின். மாடியில் என் அறை. அதற்குப் பின்னால் பேப்பர் கட்டுகள் அடுக்கும் சின்ன அறை.

போன ஆகஸ்ட் மாதம் காசிராஜன் என்பவர் ஒரு வேலை கொண்டு வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருப்பவர். அவருடைய அம்மா பொன்மணி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்கு நினைவு மலர். அறுபத்து நான்கு பக்கம். முதல் பக்கத்திலேயே, 'அன்னாருக்கு ஒரு மகன், ஒரு மகள்' என்று எழுதியிருந்தார்கள்.

முப்பத்து மூன்றாம் பக்கம் முழுவதும் ஒரு பழைய குடும்பப் படம். நடுவில் நாற்காலியில் பொன்மணியம்மா. இடப்பக்கம் இளவயது காசிராஜன். வலப்பக்கம் தங்கை பேபி. பேபியின் தோளில் ஒரு கை இருந்தது. நான்கு விரல்கள் மட்டும். அதற்கு மேல் படம் இல்லை. யாரோ கத்தரிக்கோலால் கோணலாக நறுக்கியிருந்தார்கள்.

"அந்தக் கைய எடுத்துருங்க," என்றார் காசிராஜன்.

"யாரு கை அண்ணாச்சி?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒண்ணு. அது எதுக்கு?"

கை இல்லாவிட்டாலும் அந்த ஓரத்தில் எனக்கு வேலை இருந்தது. பக்கம் முழுக்க வரும் படத்தை வெட்டுக் கோட்டுக்கு வெளியே மூன்று மில்லி நீட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் புத்தகத்தைத் தைத்து ஓரம் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும். இந்தப் படத்திலோ வலப்பக்கம் ஒரு மயிரிழை கூட மிச்சமில்லை. பின்னால் தெரிந்த சுவரையே கொஞ்சம் நீட்டி வரைய வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை திதி. மதியம் இரண்டரைக்குள் பைல் சிவகாசிக்குப் போனால்தான் அச்சடிக்க வேண்டிய தகடு, அதாவது பிளேட், இரவு பஸ்ஸில் வரும். பாரூக் அண்ணாச்சியும் மெஷின் ஓட்டும் ரபீக்கும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்கள்.

"கதவச் சாத்திக்க செல்வி. ஒண்ணரைக்கு வந்துருதோம்."

மணி 12.35.

கையை அழித்தேன். சுவரை நீட்டினேன். சுத்தமாக வந்தது. 12.52-க்கு பைலைச் சேமித்து, அச்சுக்கான பி.டி.எஃப். எடுத்து, திறந்து பார்த்தேன்.

பேபியின் தோளில் கை இருந்தது.

பழைய படத்தை மாற்றாமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். அவசரத்தில் நடப்பதுதான். சரியான படத்தை வைத்து, மறுபடி எடுத்தேன். மணி 1.04.

கை இருந்தது. இந்த முறை மணிக்கட்டும் இருந்தது. அதில் கண்ணாடி வளையல்.

காசிராஜன் தந்த படத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நான்கு விரல்கள்தான். மணிக்கட்டு இல்லை. வளையல் இல்லை.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். இடது ஓரத்தில், புத்தகம் தைக்கும் பக்கத்தில், காசிராஜனின் ஒரு தோளைக் காணவில்லை. யாரோ வலப்பக்கமிருந்து உள்ளே வர, எல்லோரும் தள்ளி நின்றது போல... படச்சட்டத்தை அளந்தேன். ஒரு மில்லி கூட நகரவில்லை.

பின்னாலிருந்த பேப்பர் அறையில் ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்...

எவர்சில்வர் தட்டைத் தரையில் தள்ளும் சத்தம். எங்கள் அச்சகத்தில் தட்டே கிடையாது. நான் டிபன் பாக்ஸில்தான் சாப்பிடுவேன்.

எழுந்து போய் விளக்கைப் போட்டேன். பேப்பர் கட்டுகள். மை டப்பாக்கள். வேறு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வாடை அடித்தது. ஊசிப்போன சோற்று வாடை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மணி 1.13.

திரையில் முழங்கை வந்திருந்தது. ரவிக்கையின் கை வந்திருந்தது. நான் எதையும் தொடவில்லை. காசிராஜன் பாதி ஆளாக நின்றார்.

1.21. கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

கீக்... கீக்... கீக்...

திரை மட்டும் எரிந்தது. தோள் தெரிந்தது. தோளில் கிடந்த ஒற்றைச் சடை தெரிந்தது. காது தெரிந்தது. அதற்கு மேல் வெட்டுக் கோடு.

சர்ர்ர்ர்...

இந்த முறை பேப்பர் அறையில் இல்லை. என் அறையில்.

சர்ர்ர்...

என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

நான் திரும்பவில்லை.

"யாரு?" என்றேன். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

வாடை நெருங்கியது.

கண்ணை மூடிக்கொண்டேன்...

"செல்வி! ஏ செல்வி! இருட்டுல என்ன செய்யுத?"

பாரூக் அண்ணாச்சி. மணி 1.34. அதே நேரம் கரண்டும் வந்தது. திரையில் பொன்மணியம்மா, முழு காசிராஜன், பேபி. வலப்பக்கம் வெறும் சுவர். நான் 12.52-க்கு முடித்து வைத்தது போலவே.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். தானே உட்கார்ந்து அறுபத்து நான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. காலைல சாப்பிட்டியா?" என்றார். 1.50-க்கு அவர் கையாலேயே சிவகாசிக்கு அனுப்பினார்.

4.10-க்கு போன் வந்தது. சிவகாசியில் பிளேட் போடும் செண்பகராஜ். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, முப்பத்து மூணாம் பக்கத்துல ஓரத்துல ஒரு பொம்பள நிக்காவ. மொகம் கட்டிங்ல போயிரும். பரவால்லயா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"படம் எடுத்து அனுப்புப்பா," என்றார்.

வாட்ஸ்அப்பில் வந்தது. நீல நிற பிளேட்டில் தோளும் சடையும் காதும். இடப்பக்கம் காசிராஜன் இல்லவே இல்லை.

பிளேட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு காசிராஜனுக்கு போன் செய்தார் அண்ணாச்சி. கால் மணி நேரத்தில் கார் வந்தது. காசிராஜன் மாடிப்படி ஏறி வந்தார். அண்ணாச்சி தன் போனை நீட்டினார். அவர் வாங்கவில்லை. தூரத்தில் நின்றே பார்த்தார்.

இது யார் என்று அவர் கேட்கவில்லை. எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை.

"மொகம் தெரியுதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"அந்தப் பக்கத்த வெள்ளையா விட்டுருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அப்படியே வெள்ளையாக விட்டோம். சனிக்கிழமை அச்சானது. ஞாயிறு காலை, அச்சான தாள்களைப் பாரம் பாரமாக மடிக்கிற சுப்புத்தாய் அக்கா வந்தாள். எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரி. வேலை அதிகமாக இருந்தால் முதல் பஸ்ஸில் வருவாள். நானும் கூட உட்கார்ந்து மடித்தேன். நடந்த எதையும் அவளிடம் நாங்கள் சொல்லவில்லை.

அவள் ஒரு தாளை விரித்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஏன் வெறும்னே கெடக்கு?"

"ஒரு படம் இருந்துச்சுக்கா. வேண்டாம்னுட்டாவ."

"மூணு பிள்ளையளும் நிக்கிற படமா?"

என் கை நின்றுவிட்டது.

"மூணா?"

"மூத்தவ கல்யாணசுந்தரி. எங்க ஊருல இவிய பழைய வீட்டுலதான் இருந்தா. பத்தொம்பது வயசுல புத்தி தடுமாறிப் போச்சு. பொறத்தால ரூம்ல வச்சுப் பூட்டிட்டாவ. வெளிய, ஓடிப்போய்ட்டான்னு சொல்லிட்டாவ. ஆத்தாக்காரி மட்டும் ரெண்டு நேரமும் கதவடியில தட்டத் தள்ளிச் சோறு வைப்பா."

"இப்ப எங்க இருக்காவ?"

அக்கா தாளை மடித்தாள். விரல் நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்த்தாள்.

"பொன்மணி ஆஸ்பத்திரிக்கு வந்த எடத்துல திடீர்னு போயிட்டா. காரியமெல்லாம் இங்கன, கோவில்பட்டி வீட்டுலயே வச்சிட்டாவ. ஒம்பதாம் நாளு பத்திரம் எடுக்கணும்னு மகன் ஊருக்கு வந்தாரு. அப்பத்தான் அந்த ரூமத் தொறந்தாவ."

கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன்.

"ஒம்பது நாளா யாருக்குமே தெரியலியாக்கா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த தாளை எடுத்தாள்.

"நான் பக்கத்து வீடுதான் செல்வி. கதவத் தட்டுத சத்தம் அஞ்சு நாளு கேட்டுச்சு. ஆறாம் நாளு கேக்கல. யாரோ வந்து சோறு வச்சிட்டாவன்னு நெனச்சிக்கிட்டேன்."