சேறு போன பீலி

இலங்கை மலையகத்தின் தெமோதரைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அங்குள்ள பள்ளிக்கே விஞ்ஞான ஆசிரியையாக வந்தவர் அகஸ்டினா. மழை பெய்தால் போதும், மலை ஊற்றிலிருந்து வரும், எல்லோரும் குடிநீர் பிடிக்கும் பீலிக் குழாயில் சேறுதான் கொட்டும். வகுப்பில் பாதிப் பேர் வயிற்று வலியென்று வரமாட்டார்கள்.

மண்ணரிப்புப் பாடம் வந்த அன்று அவர் பிள்ளைகளை மலைக்கே அழைத்துப் போனார். ஊற்றுக்கு மேலே மொட்டையாகக் கிடந்த சரிவிலிருந்துதான் சேறு வருகிறதென்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். தோட்ட நிர்வாகியான துரையிடம் அனுமதி வாங்கி, மழைநீர் விலகி ஓடக் கான் வெட்டி, சரிவெங்கும் வெட்டிவேர்ப் புல் நட்டார்கள்.

"படிக்க அனுப்புனா மண்ணு வெட்ட விடுறீங்களே டீச்சர்!" என்று மாணவி நிலுக்ஷியின் அப்பா பிலிப்பு சத்தம் போட்டார்.

"இதுவும் படிப்புதாங்க. மழை வரட்டும், பாருங்க," என்றார் அகஸ்டினா. உள்ளுக்குள் அவருக்கும் பயம்தான்.

புல் வேர்பிடித்த பிறகு ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. விடிந்ததும் அகஸ்டினா பீலிக்கு ஓடினார். லயமே அங்கே கூடியிருந்தது. நிலுக்ஷி கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் பிடித்து உயர்த்தினாள். போத்தலுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"டீச்சர், மேல் லயத்துப் பீலியும் சேறாத்தான் வருது," என்றார் பிலிப்பு. "எப்ப வெட்டப் போறோம்? நானும் வர்றேன்."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் அகஸ்டினாவின் பதில் யாருக்கும் கேட்கவில்லை.