கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு

என் தாய்மாமனின் மனைவி எந்தப் படத்திலும் முகம் காட்டியதில்லை. ஆனால் அவள் அழுகையைக் கேட்டுக் கண்ணைத் துடைக்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. திரையில் கதாநாயகி வாயசைப்பாள். ஒலிப்பதிவு அறையில் அத்தை அவளுக்காக அழுதிருப்பாள்.

மைக் முன் நிற்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். அதன் டிக் டிக் பதிவாகிவிடும். சரசரக்கும் சேலை கூடாது. வெறும் வயிறும் கூடாது. அது உறுமினால் சாவுக் காட்சி சிரிப்புக் காட்சியாகிவிடும்.

"சத்தம் போட்டு அழறது யாருக்கும் வரும்," என்பாள். "அதுக்கு முன்னாடி மூச்சு அடைச்சு நிக்குதே, அங்கதான் தியேட்டரே அடங்கும். நாம மூச்சைப் பிடிச்சா அவங்களும் பிடிப்பாங்க. அப்புறம் விட்டாப் போதும், கர்சீப்பைத் தேடுவாங்க."

ஒத்திகை எல்லாம் சமையலறையில்தான். பள்ளிக்கூடம் போகும் அவள் மகள்தான் நீதிபதி.

"அம்மா, இது புருஷன் செத்ததா, கல்யாணம் நின்னதா?"

"கல்யாணம் நின்னதுடி."

"அப்ப கொஞ்சம் குறை. இவ்வளவு அழுதா அவன் திரும்பி வந்துடப் போறான்."

இருவரும் சிரிப்பார்கள். குழம்பு அடிப்பிடிக்கும்.

மாமா சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்தார். உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒலிப்பதிவு அறையிலிருந்து அத்தை ஓடிவந்தாள். கூட்டம் வழிவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

அந்தக் கை தானாகச் செய்தது என்றே இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவள் மூச்சு அடைத்து நின்றது. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு அந்த அலறல்.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா," என்றாள் என் அம்மா. இறந்தவர் அவளுடைய ஒரே தம்பி. "என் தம்பி பொணத்துக்கிட்டயுமா உன் தொழிலு?"

"போன மாசம் பாத்த படத்துல இதே அழுகைதாங்க," என்று பக்கத்து வீட்டுக்காரி கிசுகிசுத்தாள். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"அண்ணி, சத்தியமா..." என்று அத்தை திணறினாள்.

அப்போது மகள் அவள் தோளைத் தொட்டாள். "அம்மா, போதும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

அத்தை நிறுத்திவிட்டாள். உடலை எடுத்தபோதும் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதற்கும் அம்மாவே சொன்னாள்: "கேமரா இல்லேன்னா கண்ணீர் வராதுபோல."

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எதற்கும் ஆதாரம் கேட்க அங்கே பழகியிருந்தேன். அழுகைக்கு எதை ஆதாரமாகக் காட்டுவது?

"நடிக்கிறவகிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போகமாட்டேன்," என்று அம்மா அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அத்தை தடுக்கவில்லை, மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். மகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வார இறுதியில் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு..." குரல் உடைந்தது.

"அம்மா, அழாம பேசு. எனக்கு எது நிஜம்னே தெரியல."

அத்தை தெளிவாகப் பேசினாள். சாப்பிட்டாயா, சீருடை துவைத்தாயிற்றா, கணக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டாள். ஒரு சொல்கூடப் பிசிறவில்லை. வைத்துவிட்டாள்.

மகள் கைபேசியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் அம்மாவிடம் சொன்னாள்:

"நீங்க சொன்னது சரிதான். அழவேயில்ல."