ஐப்பசியில் திறந்த வேலி

சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் புல் வளர்ப்பதுதான் எனக்கு வேலை. எழுபதுகளின் கடைசியில் தெற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கமிருந்து நெய்வேலிக்கு வந்தவன். ஊரில் கேட்டால் சுரங்கத்தில் வேலை என்பேன். புல் வளர்க்கிறேன் என்று சொன்னால் எவன் பெண் கொடுப்பான்? அந்த மண்ணும் ஒரு மண்ணா! பூமிக்கு அடியில் வெளிச்சம் படாமல் கிடந்த களி. வெயிலில் ஓடாக இறுகும், மழையில் வழுக்கும். மருந்துக்கும் ஒரு மண்புழு கிடையாது.

கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் தீவனச் செடியும் விதைத்து, முள்கம்பி வேலி போட்டோம். வளர வளர அறுத்து வண்டியேற்றி மாட்டுப் பண்ணைக்கு அனுப்பினோம். மூன்றாம் வருஷம் புல் மஞ்சளடித்தது. விதை சரியில்லை என்று யார் யாரையோ திட்டித் தீர்த்தேன்.

வடக்கு மூலையில் மட்டும் புல் கரும்பச்சையாக நின்றது. பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி கம்பியைத் தூக்கி, தன் இரண்டு கறவை மாடுகளையும் அங்கே விட்டுவிடுவாள். புருஷன் இல்லை. குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றித்தான் பிழைப்பு. மாடு மேய்ந்த புறம்போக்கெல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட்டது, வேறெங்கே போவாள்? நானும் விரட்டாத நாளில்லை. எங்கள் ஊர் ஏச்சு அவளுக்குப் பாதி புரியாது. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஒருநாள் அந்த மூலையில் மண்வெட்டியைப் போட்டேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சாணிக்கு அடியில் வண்டு துளைத்த ஓட்டைகள், வேர் பின்னிய கருத்த மண். நாங்கள் அறுத்த இடத்தில் அதே மண்வெட்டி டங்கென்று நின்றது. மாடு தின்றதில் பெரும்பங்கை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நாங்களோ வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டு போனோமே தவிர, ஒரு கூடை சாணி திருப்பிக் கொட்டவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதிகாரியிடம் மல்லுக்கட்டினேன். மாட்டை விடுவோம், ஒரு பகுதி மேய்ந்ததும் அடுத்ததுக்கு மாற்றுவோம், மேய்ந்த இடம் ஒரு மாதம் சும்மா கிடக்கட்டும் என்றேன். ஒரு வருஷம் பார்க்கலாம், மண் கெட்டால் அப்புறம் ஒரு மாடும் உள்ளே வரக்கூடாது என்றார். அவளுக்கும் அதைச் சொன்னேன். முதல் நாள் வாசல் வழியாக மாட்டை ஓட்டி வந்தவள், என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் மாட்டைத் திருப்பி ஓட்டப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை குறையில்லை. அவளுக்குப் பால் கூடியது, இன்னும் இரண்டு வீடு பிடித்தாள். எனக்குத்தான் பேராசை. சாணி விழ விழ மண் தேறும் என்று அவள் ஊர் மாடுகளையெல்லாம் வரச் சொன்னேன்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் வானம் வெறித்ததும் வேலி வாசலில் மாடுகள் நின்றன. முன்னால் நின்ற அவள் தயங்கினாள்.

"இன்னிக்கி வேணாங்க, சார். காலு பொதையுது."

எங்கள் தேரியில் மழை விட்ட மறுநாள்தான் நிலத்தில் மாட்டை அடைத்துக் கிடை போடுவார்கள். ஈரத்தில் சாணி உள்ளே இறங்கும், மணலுக்கு ஒன்றும் ஆகாது. என் புத்தி அந்த மணலிலேயே நின்றது.

"மாடு மிதிச்சு மண்ணு செத்தா போகும்? ஓட்டிட்டு வா."

செத்துத்தான் போனது. ஈரக்களியை அத்தனை குளம்பும் மிதித்ததில், காற்றும் தண்ணீரும் போகிற கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று வேரை அழுகச் செய்தது. தை வெயிலில் குளம்புத் தடம் தடமாக இறுகி, தார் ரோடு தோற்றது. அதிகாரி வந்து காலால் தட்டிப் பார்த்தார். மழையில் யார் மாட்டை விட்டது என்று கேட்டார். மாட்டுக்காரர்கள் அவசரப்பட்டு ஓட்டிவிட்டார்கள் என்றேன். அவள் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேலிக்குப் பூட்டுப் போட்டார்கள்.

சித்திரைக்குள் மாடு இரண்டையும் விற்றுவிட்டாள். வைகாசியில் அந்த மண்ணைக் கொத்திவிட காண்ட்ராக்டில் ஆள் எடுத்தார்கள். வரிசையில் அவளும் நின்றாள். கடப்பாரையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கனமாக இருக்கும், களை பிடுங்கப் போ என்றேன்.

"பரவால்லீங்க. எங்க மாடு மிதிச்சதுதான, நாங்கதான ஒடைக்கணும்."

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். உன் மாடு இல்லை தாயி, நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவள் பெயருக்கு நேரே ஆஜர் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.