ஷூ காருக்குச் சிவப்பு சீட்

எங்கள் தாத்தா விட்டுப்போன சொத்து இரண்டு. ஒரு கார், அந்தக் கார் நிற்கிற ஒரு கொட்டகை. உயில் கியில் எழுதுகிற மனுஷன் இல்லை, வாயால் சொல்லிவிட்டுப் போனார்: கொட்டகை பெரியவனுக்கு, கார் சின்னவனுக்கு. பெரியவர் என் பெரியப்பா, சின்னவர் என் அப்பா. ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் பொருளை நிறுத்திவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்துத்தான் அப்படிச் செய்தாரோ என்னவோ, கேட்க ஆள் இல்லை.

தாத்தா ஆம்பூரில் ஒரு தோல் முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி இளவட்டமாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. ரெண்டே சீட், மேலே கூரை கிடையாது, முன்பக்கம் நீளமாக இழுத்து, பின்பக்கம் குட்டையாக வெட்டியிருக்கும். வெளியூரில் அதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று பேர். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு அது லேஸ் கட்டாத ஷூவாகத் தெரிந்ததால் ஷூ கார் ஆகிவிட்டது. முதலாளிக்கு வயதாகி, பிள்ளைகளோடு சென்னைக்குப் போகும்போது, "நீயே வெச்சுக்கப்பா, இது வேற யாருக்கும் மடங்காது" என்று தாத்தாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டாராம்.

தாத்தாவுக்குப் பிறகு பெரியப்பா கொட்டகையை இடித்து ஒரு ரூம் கட்ட நினைத்தார். காரை எடுடா என்றார். அப்பா நாளைக்கு, நாளைக்கு என்றார். அப்பாவின் நாளைக்குக்கு ஒரு மழைக்காலம் வரைக்கும் ஆயுசு உண்டு. கடைசியில் ஒருநாள் பெரியப்பா நாலு பேரைக் கூட்டிக் காரைத் தெருவில் தள்ளிவிட்டார். அன்றைக்கென்று மழை. அப்பா வேலை முடிந்து வந்து பார்த்தால், கூரையில்லாத கார் தொட்டி மாதிரி நிரம்பி நிற்கிறது. அத்தோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கார் எங்கள் வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் போய்ப் படுத்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதில் முட்டையிடும். வீட்டுக்கொரு கார் கோழிக்காகத்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் வேடிக்கை, இருவருக்கும் ஒரே தோல் தொழிற்சாலையில் வேலை. அப்பா டிரம்மில் சாயம் போடுகிறவர். பெரியப்பா பினிஷிங்கில். அதாவது சாயம் போட்ட தோல்மேல் ஸ்ப்ரே அடித்து, கலர் வெளியே வராமல் பூட்டிவிடுகிற வேலை. இன்றைக்கு அப்பா கையில் நனைந்த தோல் காய்ந்ததும் பெரியப்பா கைக்குப் போகும். தோல் வழியாகப் பேசிக்கொண்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். அப்பா வீட்டில் சொல்வார், "நம்ம கலர் போட்டாலே தோல் ராஜா மாதிரி நிக்கும். பினிஷிங்கு இன்னா, மேக்கப்பு." பெரியப்பா அந்தப் பக்கம், "டிரம்காரனுக்குத் தண்ணிய ஊத்தத் தெரியும், வேற இன்னா தெரியும்" என்பாராம். இரண்டையும் பெரியம்மாவும் அம்மாவும் குழாயடியில் பரிமாறிக்கொண்டு சிரிப்பார்கள்.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. சின்னச் சின்ன வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தோல்மேல் தேய்த்து, கலர் ஒட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். போட்டவன் காலில் சாக்ஸ் கறுத்துப்போனால் வெளிநாட்டுக்காரன் சரக்கையே திருப்பிவிடுவான். கறைபட்ட துண்டுகளை அம்மா எனக்குக் கொண்டுவருவாள். என் பொம்மைக்கு அத்தனையும் பாவாடை. என்ன, அந்த வருஷம் கம்பெனியில் கறுப்பையும் பழுப்பையும் தவிர வேறு கலரே ஓடவில்லை. என் பொம்மை எப்போது பார்த்தாலும் சாவு வீட்டுக்குக் கிளம்பியது போலவே இருந்தது.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது பெரியப்பா மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை கொடுக்கப் பெரியம்மா உள்ளே வந்தாள். பெரியப்பா தெருமுனையில் வண்டியை ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கா சின்ன வயதிலிருந்தே தாத்தா மடியில் உட்கார்ந்து, என் கல்யாணத்துக்கு நம்ம கார்லதான் சர்ச்சுக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அப்பா பத்திரிகையை வாங்கி, "பொண்ணு சர்ச்சுக்கு ஷூ கார்லதான் போவும்னு சொல்லுங்க அண்ணி" என்றார். தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். வேப்பமரத்தைப் பார்த்த தலை ஒருதரம் திரும்பி, மறுபடி மரத்துக்கே போனது.

காரை எழுப்ப அப்பாவின் தோஸ்த்து மெக்கானிக் பாய் வந்தார். பானெட்டைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெட்ரோல் டேங்க்கைத் தட்டினால் துரு சலசலவென்று கொட்டியது. பிரேக்கை மிதித்தால் கால் தரைக்குப் போய்விட்டது. அப்பா பயந்து, "செத்துப்போச்சா பாய்?" என்றார். "சாவல. கோவிச்சுக்கினு படுத்திருக்கு. கோவத்துக்கு ஜாஸ்தி மருந்து வேணாம், பக்கத்துல போய்க் குந்திக்கினா போதும்" என்றார் பாய். சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் அதன் பக்கத்தில் குந்தினார்கள். பாய் டேங்க்கைக் கழற்றி அலசினார், கார்பரேட்டரை அக்கக்காகப் பிரித்து மண்ணெண்ணெயில் போட்டார், பிரேக்குக்கான சாமானை வேலூர் பழைய இரும்புக் கடைகளில் தேடிக் கொண்டுவந்தார். ஒருநாள் சாயங்காலம் கார் இருமியது. அடுத்த இருமலில் கறுப்புப் புகை கக்கி, உடம்பெல்லாம் உதற நின்றபடியே ஓடியது. கோழி அந்தத் தெருவையே விட்டுப் போனது.

மீதி சீட்தான். பழைய சீட் மழையில் அழுகி, தொட்டால் உதிர்ந்தது. அப்பா தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தோல்களில் நல்லதாய்ப் பார்த்து எடுத்து, மேஸ்திரியிடம் கேட்டுச் சின்ன டிரம்மில் தன் கையாலேயே சாயம் போட்டார். சிவப்பு. செம்பருத்தி கெட்டது போங்கள். அம்மாவோடு வேலை செய்யும் ஒரு அக்கா தைத்துக் கொடுத்தாள். பினிஷிங் யார் செய்வது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பேரைத்தான் சொல்லவேண்டியிருக்கும். அப்பா சீட்டைத் தடவித் தடவிப் பார்த்து, "இதுக்கு எதுக்கு மேக்கப்பு" என்று தானே சொல்லிக்கொண்டார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்த வாரம் என் பொம்மைக்கும் யோகம். முதல்முதலாக ஒரு சிவப்புப் பாவாடை வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு வெள்ளோட்டம். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மா பெட்டியின் அடியிலிருந்து பழைய அரக்குப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சிவப்புப் பாவாடை. கோயிலுக்குப் போகிற நாளில் இதையா கட்டுவே என்று அப்பா கேட்டதற்கு, "இருக்கறதுதானே கட்ட முடியும்" என்றாள். ரெண்டு சீட் காரில் நான் அம்மா மடியில். ஆராதனை முடிந்து பஜார் வழியாகப் போனோம். நல்ல வெயில். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அப்பாவுக்குக் கழுத்து அரை அடி நீண்டிருந்தது. பிரியாணிக் கடை முன்னால் நிறுத்தி, இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாண்ணே, பிரியாணி வாங்க வந்தீங்களா, பிரியாணி மேல குந்திட்டு வந்தீங்களா?"

அப்பாவின் வேட்டியில், உட்காருகிற இடத்தில், இரண்டு பெரிய சிவப்பு வட்டம். முதுகில் சீட்டின் தையல் வரிகூடத் தெளிவாகப் பதிந்திருந்தது. கடையே சிரித்தது. அடுப்படியில் கரண்டி பிடித்தவர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பா பிரியாணி வாங்காமலே திரும்பி வந்து, அதே சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு ஓட்டினார். அம்மா புடவையிலும் என் பாவாடையிலும் கறை இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

சேதி எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போயிருந்தது. அக்கா ஓடி வந்தாள். கல்யாணப் புடவை வெள்ளை, போன வாரம்தான் வாங்கியது. சீட்டைப் பார்த்தாள், அப்பா வேட்டியைப் பார்த்தாள், அழாமல் சொன்னாள். "பரவால்ல சித்தப்பா. நான் ஆட்டோல போய்க்கறேன்."

திட்டியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். அந்தப் பரவால்லதான் அவரை என்னமோ செய்தது. வேட்டியைக்கூட மாற்றவில்லை. சீட்டைக் கழற்றினார். டி.வி.எஸ்.ஸின் முன்னால் சீட்டை வைத்து, பின்னால் என்னை உட்காரவைத்து, நடந்தே போய்விடக்கூடிய பெரியப்பா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். வாசலில் இறக்கி வைத்தார்.

"கலர் நிக்கல" என்றார்.

பெரியப்பா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சீட்டில் ஒரு தேய் தேய்த்து, விரலைப் பார்த்தார். பிறகு சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். இவ்வளவு நாள் பேசாத மனுஷன் இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் டி.வி.எஸ்.ஸுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"எவன்டா சாயம் போட்டது?"

"நான்தான்."

"நல்லாத்தான் போட்டுக்கிற." சீட்டைக் கீழே வைத்து, "பினிஷிங்கு? உங்கப்பனா வந்து அடிப்பாரு?"

"அவரு உனக்கும் அப்பன்தான்."

உள்ளே பெரியம்மா பாத்திரத்தைக் கீழே போட்டாள். பெரியப்பாவுக்கு உதட்டில் வந்த சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. "திரும்பு" என்றார். அப்பா திரும்பினார். வேட்டியைப் பார்த்ததும் பெரியப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு. அப்பாவும் சேர்ந்துகொண்டார். காரைத் தள்ளியது பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எத்தனை கோட் அடிக்கலாம், பளபளப்பு கம்மியா ஜாஸ்தியா என்றே இருட்டும் வரை பேசினார்கள்.

கல்யாணத்தன்று ஷூ கார் போனது. தாத்தா ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்பாவுக்கு மட்டும்தான். அதனால் அப்பா ஓட்ட, அக்கா பக்கத்தில். பெரியப்பா தன் வண்டியில் முன்னால் போய் சர்ச் வாசலில் நின்றார். மகள் இறங்கியதும் கையைப் பிடிக்கவேண்டிய தகப்பன், தோளைப் பிடித்து அவளைத் திருப்பி, முதுகைப் பார்த்தார். பால் மாதிரி வெள்ளை. அதற்கப்புறம்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். திரும்பும்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, சீட் இரண்டுதான், மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அக்கா காரில் முன்னால் போக, மாப்பிள்ளை மாலையோடு பெரியப்பா வண்டியில் தொற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

கிளம்புவதற்கு முன் ஒன்று நடந்தது. நான் பொம்மையோடு அம்மா கையைப் பிடித்து நின்றிருந்தேன். வண்டியை உதைக்கப் போன பெரியப்பா, என் பொம்மையைப் பார்த்துக் காலை இறக்கினார். பொம்மையை வாங்கி, அதன் சிவப்புப் பாவாடையை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார்.

"இது ஏது கண்ணு?"

"அம்மா குடுத்தது. தோலைத் தேச்ச துணி."

"அப்படியா" என்று அம்மா பக்கம் திரும்பினார். "உங்க கம்பெனில சிவப்பு ஓடுதாம்மா இப்ப?"

அம்மா சர்ச் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெயில் ஏறுது மாமா. மாப்பிள்ளை நிக்கறாரு பாருங்க" என்றாள்.

பெரியப்பா பொம்மையை என்னிடம் கொடுத்தார். பாவாடையை நீவிச் சரிசெய்து கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்கோ. இந்தப் பாவாடை மாதிரி ஒண்ணு ஊர்ல எங்கியும் கிடைக்காது" என்றார். மடிப்பு வைத்துக் கட்டியது நான்தானே. என் கைவேலையைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வந்து சேரும் வரை பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அம்மா மட்டும், போதும்டி, அப்பா காதுல விழப்போவுது என்று என் வாயைப் பொத்தினாள். நல்ல சேதியை அப்பாவிடம் ஏன் சொல்லக்கூடாது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.