துவக்கு எங்கள் உரிமை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெல்பனில் வந்து இறங்கும்போது குளிருக்குப் போட ஒரு சுவெட்டர் இல்லை. இன்றைக்கு ட்ருகனினாவில் என் வெயர்ஹவுசிலிருந்து அரிசி எடுக்காத தமிழ்க் கடை இந்தப் பக்கத்தில் குறைவு. பட்டம் படித்தவர்கள் என்னிடம் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். வீட்டுக்குப் படம் கீறின ஆர்க்கிடெக்டுக்கே எந்தச் சுவர் எங்கே வரவேண்டுமென்று நான்தான் சொன்னேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு பயந்தாங்கொள்ளி எழுதுகிறான் என்று யாரும் நினைக்கக் கூடாது.

ஆனால் பயந்தேன். அதையும் மறைக்கத் தேவையில்லை.

குளிர்காலம். ஐந்தரைக்கே இருட்டிவிடும். மனுசி குசினியில் புட்டு அவித்துக்கொண்டு நின்றாள். நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கராஜ் பக்கம் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. என்னவென்று திரும்புவதற்குள் மூன்று பேர் உள்ளே நின்றார்கள். முகத்தில் கறுப்புத் துணி. குரலைக் கேட்டால் பொடியன்கள்தான். ஒருவன் கையில் முழங்கை நீளத்துக்குக் கத்தி. "கீஸ், கீஸ்" என்று கத்தினான்.

அரைத் தேங்காய் கையை விட்டு விழுந்து உருண்டு போனது. மனுசிதான் எனக்கு முன்னால் வந்து நின்று, கொளுவியில் கிடந்த கார்த் திறப்பை எடுத்து நீட்டினாள். "இந்தா ராசா, கொண்டு போ" என்றாள், தமிழில். அவன் பறித்துக்கொண்டு போனான். கார் போய்விட்டது. புட்டுப் பானை தண்ணி வற்றி அடிப்பிடித்து மணத்தது.

பொலிஸ் வந்தது, மரியாதையாகத்தான் கதைத்தார்கள். சுவரில் கமரா பூட்டச் சொன்னார்கள், பூட்டினேன். கராஜுக்கு இரும்புக் கதவு போட்டேன். ஆனாலும் பொழுதுபட்டால் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்ப்பேன். கூரையில் பூனையளவு பொசம் ஓடினால் எழும்பி நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை இழுத்தால் வியர்க்கும். கப்பலில் வருகிற பெட்டிகளை ஒரு போன் கதையில் திருப்பி அனுப்புகிற ஆள், என் சொந்த வீட்டில் குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் குளித்தேன்.

அப்போதுதான் வேலைக்கு வருகிற ஒரு லொறிக்கார வெள்ளைக்காரன் தங்களுடைய கூட்டத்துக்குக் கூட்டிப்போனான். இந்த நாட்டில் முந்தி ஆட்கள் வீட்டில் கைத்துவக்கு வைத்திருந்தவர்களாம். இப்போது சுடுகிற கிளப்பில் சேர்ந்து விளையாடுகிறவனுக்கு லைசன்ஸ் கிடைக்கும். வீட்டைக் காக்க என்று கேட்டால் கிடையாது. அந்த உரிமையைத் திருப்பித் தா என்று கேட்பதுதான் அவர்களுடைய வேலை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. விளையாட்டுக்குத் தரலாம், உயிருக்குத் தரக்கூடாதா? தமிழ் ஆட்களின் கையெழுத்தை நான் எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனுசிக்குச் சொல்லவில்லை. துவக்கு என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

நோட்டீசை நானே எழுதினேன். அரிசி விளம்பரம் எழுதி எழுதிப் பழகிய கை. சுருக்கமாக இருந்தால்தான் சனம் வாசிக்கும். "துவக்கு எங்கள் உரிமை. வீட்டைக் காப்போம். பிள்ளைகளைக் காப்போம். திரும்பக் கேட்போம்." கீழே என் போன் நம்பர். அவ்வளவுதான்.

விஜயதசமியன்று த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில், வெளியே ரோட்டோரமாக நின்றேன். எங்கள் இலங்கை ஆட்கள் வாசித்தார்கள், என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், "பிறகு வாறம் அண்ணை" என்று நழுவினார்கள். இந்தியாக்காரர்கள் அப்படியில்லை. வரிசையாக வந்து கையெழுத்து வைத்தார்கள். கிளேட்டனிலிருந்து ஒரு தம்பதி, பட்டுப் பாவாடை கட்டிய குழந்தையோடு வந்தது.

"ரொம்ப நல்ல முயற்சி அங்கிள்," என்றான் அந்தத் தம்பி. "எங்க பொண்ணுக்கும் இப்பவே பழக்கணும்னு இருக்கோம்."

"இந்த வயசிலயோ?"

"மூணு வயசு சரியான வயசு அங்கிள். லேட் பண்ணா அப்புறம் கையே திரும்பாது."

"வீட்டுலயும் டெய்லி பிராக்டிஸ் பண்ண வைப்போம்," என்றாள் தாய்க்காரி.

எனக்கே கொஞ்சம் திக்கென்றது. இந்தியாக்காரருக்குத் துணிவு கூடத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நெஞ்சு நிமிர்ந்தது. நான் நின்றால் கையெழுத்து விழும், பார்த்தீர்களா?

இரண்டு நாள் போயிருக்கும். நான் கராஜ் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு நிற்க, மேசையில் கிடந்த என் போன் அடித்தது. மனுசி எடுத்து எனக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள். கிளேட்டன் தம்பி.

"ஆன்ட்டி, அங்கிள் இருக்காரா? தமிழ் கிளாஸ் எப்ப துவக்கம்னு கேக்கத்தான்."

"என்ன கிளாஸ், தம்பி?"

"கோயில்கிட்ட நோட்டீஸ் குடுத்தாரே. பெருசா போட்டிருந்துச்சே, 'துவக்கு, எங்கள் உரிமை'ன்னு. விஜயதசமிக்கு எழுத்து துவக்குறது பத்தித்தானே?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் துவக்கு என்பதை அவர்கள் துப்பாக்கி என்பார்கள். அவர்களுக்குத் துவக்கு என்றால் தொடங்கு. அந்தத் தம்பதி குழந்தைக்கு அ, ஆ எழுதப் பழக்கக் கையெழுத்து வைத்திருக்கிறது.

மனுசிக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"எங்கட வீட்டுக்கு நீங்கள் துவக்குக் கேக்கிறியளோ?"

"உன்னைக் காக்கத்தானப்பா."

"ஊரில எங்கட வீட்டு அரிசிப் பானைக்குள்ள ஒரு இயக்கப் பொடியன் கைத்துவக்கை ஒளிச்சுப்போட்டுப் போனவன். அவன் திரும்பி வரேல்லை. அம்மா அந்தப் பானையில கை வைக்கேக்க எல்லாம் நடுங்குவா. ஆமி வந்தாலும் பயம், வராட்டிலும் பயம். துவக்கு உள்ள வீட்டில நித்திரை கொண்டவள் நான். நீங்கள் கொண்டனீங்களோ?"

"அது வேற காலம். இது லைசன்சோட."

"சரி. அண்டைக்கு உங்களிட்ட லைசன்சோட இருந்தது எண்டு வையுங்கோ. நான் உங்களுக்கு முன்னால நிண்டனான். எங்க பாத்துச் சுட்டிருப்பியள்?"

நான் எல்லாருக்கும் பதில் வைத்திருக்கிறவன். கஸ்டம்ஸ்காரனுக்கு, பாங்க் மனேஜருக்கு. நான் கராஜ் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

"நான் மகளிட்டப் போறன்," என்றாள். "நீங்கள் இந்தக் கேக்கிற வேலையை விடுமட்டும் இந்த வீட்டில என்னால இருக்கேலாது. கள்ளனுக்கும் பயந்து, உங்களுக்கும் பயந்து, எத்தினை பேருக்குத்தான் நான் பயப்பிடுறது?"

மகள் சிட்னியில். நானே எயார்போட்டில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து வீட்டு வாசலில் புதுக் காரை நிறுத்தினேன். நான் சொல்லிச் சொல்லிக் கட்டுவித்த சுவர்கள். ஒரு லைட் எரியவில்லை. கராஜ் கதவைத் திறக்க ரிமோட்டை அமத்த விரல் போகவில்லை. உள்ளே ஒருவன் நின்றால்? காரைப் பூட்டிக்கொண்டு அப்படியே இருந்தேன், முன் லைட்டை எரியவிட்டபடி.

கடைசியில் அவளுக்குத்தான் போன் எடுத்தேன்.

"உள்ளுக்கப் போனனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"போனை வையாதேங்கோ. கதவைத் திறவுங்கோ. முதல்ல குசினி லைட்டைப் போடுங்கோ," என்றாள்.

போட்டேன். அடுத்தது சாப்பாட்டறை. அடுத்தது படுக்கையறை, அலுமாரிக்குப் பின்பக்கம். சிட்னியில் இருந்துகொண்டு ஒவ்வொரு அறையாக என்னைக் கூட்டிப்போனாள்.

"ஒருத்தரும் இல்லை," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்."

"நீ எப்ப வாறாய்?"

"நீங்கள் எப்ப விடுறீங்கள்?"

சட்டம் பிழை என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை. அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். போகலாமா, விடலாமா என்று தெரியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் ஒரு இடத்துக்கும் போனவனில்லை. இப்போதைக்கு, பொழுதுபட்டதும் அவளுக்குப் போன் எடுக்கிறேன். அவள் லைட்டைப் போடச் சொல்கிறாள். நான் போடுகிறேன்.