ஐஸில் வந்த ரத்தம்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ட்ரேயின் எல்லாக் குழியிலும் அணுக்கள் செத்துக் கிடந்தன.

அது தொண்ணூறுகள். பீளமேட்டில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். எதற்கும் பயப்படுகிறவள் என்பதால் எனக்குப் 'பதட்டம் அக்கா' என்றே பெயர். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளம் ரத்தத்தில் உண்டா என்று பார்ப்பது என் வேலை. வெள்ளை அணுக்களை உயிரோடு பிரித்து, குறிப்பிட்ட அடையாளம் உள்ள அணுக்களை மட்டும் கொல்லும் ஆன்டிசீரம் உள்ள குழிகளில் விட வேண்டும். பி27 இருந்தால் அதற்குரிய குழியில் அணுக்கள் செத்து, நாங்கள் விடும் சாயம் ஏறும். ஆன்டிசீரம் இல்லாத கன்ட்ரோல் குழியில் அவை உயிரோடு இருந்தாக வேண்டும். அன்றைக்கு அதிலும் சாவுதான்.

ரத்தம் அன்னூர்ப் பெண் கவிதாவுடையது; ஊரிலேயே எடுத்து அவள் அம்மா கொண்டுவந்தது. அவள் அப்பாவுக்கு அடிக்கடி ஒரு கண் சிவந்து வலிக்கும், வெளிச்சம் கூசும்; காலையில் முதுகு விறைத்துக்கொள்ளும். மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விட்டே காலம் போயிற்று. கடைசியில் கண் டாக்டர் யுவைடிஸ், கண்ணுக்குள் வரும் அழற்சி என்றார். கண்ணும் முதுகும் இப்படிச் சேர்ந்து படுத்தினால் பி27 பார்ப்பது வழக்கம்; டெஸ்டில் பாசிட்டிவ். சேதி கவிதாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. பெண்ணுக்கும் பார்த்துக் காட்டினால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்பனுக்கு இருக்குது, பொண்ணுக்கும் இருக்கும். பாசிட்டிவ்னு எழுதிப்போடுங்க," என்றார் லேப் இன்சார்ஜ். இன்னொரு ட்ரேயைப் பிரிக்க அவருக்கு மனசில்லை.

"கன்ட்ரோலே செத்துக் கெடக்குதுங்க சார். எப்படிங்க எழுதறது?" என்றேன். நான் தப்பாக எழுதினால் ஒரு கல்யாணம் நின்றுபோகுமே!

வெளியே காத்திருந்த கவிதாவின் அம்மாவிடம் ஓடினேன். "ஏனுங்க்கா, ரத்தத்தை எப்படிக் கொண்டாந்தீங்க?"

"ஐஸ் போட்ட பிளாஸ்க்லதானுங்க. எங்க பண்ணைக் கோழிக்குத் தடுப்பு மருந்து அப்படித்தானுங்க வாங்கிட்டு வருவோம். சூடு பட்டுறக் கூடாதுன்னு மடியிலயே வெச்சிருந்தேனுங்க."

அட கடவுளே! சாதாரணச் சூட்டில் வர வேண்டிய ரத்தம் அது. அவர் அக்கறையே அணுக்களைக் கொன்றிருந்தது. திட்ட மனசு வரவில்லை. பெண்ணையே அழைத்துவரச் சொன்னேன்.

மறுநாள் கவிதாவுக்கு லேபிலேயே ரத்தம் எடுத்தேன். முடிவு தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கன்ட்ரோலில் அணுக்கள் உயிரோடு இருந்தன, பி27 குழியிலும் அப்படியே. நெகட்டிவ்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "மாப்பிள்ளை ஊட்டுல இன்னைக்கே காட்டிப்போடலாம் கண்ணு."

"காட்ட வேண்டாம்மா," என்றாள் கவிதா. "அப்பனுக்குக் கண்ணு செவந்ததுக்கே என்ர ரத்தத்தைக் கேட்டவிங்க, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா கொண்டாந்து உட்டுட்டுப் போயிருவாங்க. அந்த ஊடு எனக்கு வேண்டாம்."

அம்மா என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க."

"பாசிட்டிவ்னு வந்திருந்தாக்கூட முக்காவாசிப் பேருக்குக் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்க்கா. அதைக்கூட விசாரிக்காதவிங்க. உங்க பொண்ணு சொல்றதுதான் சரி."

அதன்பின் கல்யாணத்துக்காக இந்த டெஸ்ட் கேட்டு யார் வந்தாலும், ஊசியைத் தொடும் முன் பெண்ணைத் தனியே அழைத்து ஒன்று கேட்பேன்: "உனக்குத் தெரிஞ்சுக்கோணுமா கண்ணு?"